புதுப்பிப்பு: பங்கு விற்ற லாபக் கணக்கு இப்போது சரியாகிவிட்டது

2014-இல் தலா 120 ரூபாய்க்கு வாங்கிய 300 பங்குகளை 2024 செப்டம்பரில் தலா 700-க்கு விற்றேன், வரி மென்பொருள் 6,370 ரூபாய் கட்டச் சொல்கிறது, என் கைக்கணக்கோடு ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? காரணம் பிடிபட்டுவிட்டது.

பழைய டிமேட் கணக்கிலிருந்து (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) மாற்றிய பங்குகள். அதனால் மென்பொருளில் 31-1-2018 விலைக்கான கட்டம் காலியாகவே இருந்திருக்கிறது! 2018 பிப்ரவரிக்கு முன் வாங்கிய பங்கு என்றால், அன்றைய அதிகபட்ச சந்தை விலை, வாங்கிய விலையைவிடக் கூடுதலாகவும் விற்ற விலைக்குள்ளும் இருந்தால் அதையே அடக்கவிலையாக வைக்கலாம். என் பங்குக்கு அது 410. நானே உள்ளிட்டேன், லாபம் 1,74,000-லிருந்து 87,000-க்கு இறங்கியது. நீண்டகால லாபத்தில் 1,25,000 வரை வரி இல்லை, ஆக வரி பூஜ்யம். அப்பாடா!

பழைய பங்கு விற்றவர்கள் வரிப் படிவத்தில் இந்த லாபத்தைக் காட்டும் 112ஏ அட்டவணையில் அந்தக் கட்டத்தை அவசியம் பாருங்கள். அப்புறம், அப்பாவின் பங்குகளும் 2016-இல் வாங்கியவைதான். இன்று ராத்திரி அவர் கணக்கைத் திறக்கிறேன்.