மறு: மறு: ரெட்ரோரிஃப்ளெக்டருக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

எல்லோருக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்புக்கான ‘மனிதர் நிலாவில் இறங்கியது உண்மையா?’ கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கொடி எப்படி விரிந்து நின்றது (மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி செருகியிருந்தார்கள்), வானத்தில் ஏன் விண்மீன்கள் இல்லை (வெயில் காயும் தரைக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான விண்மீன் பதியாது), எல்லாம் எழுதியாயிற்று. நிலாவில் வைத்த, லேசர் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் ரெட்ரோரிஃப்ளெக்டர் கருவிக்கான இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறேன்.

> நிலாக் கண்ணாடி என்று போடுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

தப்பாகப் புரியும் அக்கா. போன வாரம் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன்: அப்பல்லோ 11 ஒரு கண்ணாடியை வைத்துவிட்டு வந்தது, 1969 ஆகஸ்ட் 1 அன்றே கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்கு லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பியது, போய்வர இரண்டரை விநாடி. ஒரு மாணவி எழுந்து, கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒளி வேறெங்கோ போய்விடுமே என்றாள். சமதளக் கண்ணாடியானால் அவள் சொன்னதுதான் நடக்கும். அங்கே இருப்பவை ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கூடும் மூலைகள். ஒளி மூன்றிலும் பட்டு வந்த திசைக்கே திரும்பிவிடும். அப்பல்லோ 11, 14 இரண்டிலும் இப்படி நூறு நூறு, 15இல் 300. சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு வில்லையை டார்ச் அடித்துக் காட்டிய பிறகுதான் அவளுக்குச் சமாதானம் ஆயிற்று. அதனால் ‘வந்த வழியே திரும்புதல்’ சொல்லுக்குள் இருந்தாக வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

> மீளொளிப்பி. புணர்ச்சியும் சரி, ஓசையும் நன்று.

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளித்தல் என்றால் மறைத்தலும்தானே? பாடநூலில் ‘எதிரொளிப்பு’ பழகிவிட்டதால் அங்கே யாருக்கும் அந்தப் பொருள் தோன்றாது. புதுச்சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாசா எதையோ மறைக்கிறது என்ற சந்தேகத்துக்குப் பதில் எழுதும் கையேட்டில் ‘ஒளிப்பி’ வேண்டாம்.

> மீளாடி என்றால் ‘மீளாத அடி’ என்று படிப்பார்கள்.

மீளா என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தோடு அடி சேர்ந்தால் வகர உடம்படுமெய் வந்து ‘மீளாவடி’ ஆகும். மீள், ஆடி (கண்ணாடி) சேர்ந்தால்தான் மீளாடி. இலக்கணப்படி குழப்பம் இல்லை, முதல் வாசிப்பில் தடுக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆடி என்ற சொல் ‘ஆடு’ வினையிலிருந்து வந்ததா, ஆடி மாதத்தோடு அதற்கு உறவு உண்டா என்று ஒன்பது மடல்கள் வந்திருக்கின்றன. அத்தனையும் படித்தேன், நல்ல விஷயங்கள், தயவுசெய்து தனி இழையில் தொடருங்கள்.

> ‘மனிதச்சான்றாடி’ என்றால் பெயரே பதில் சொல்லிவிடுமே?

இதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். சோவியத்தின் லூனாகோட் ஊர்திகள் 1970இலும் 1973இலும் ஆளே இல்லாமல் இதே கருவியைக் கொண்டுபோயின. சந்திரயான் 3இன் விக்ரமிலும் நாசாவின் சிறிய கருவி ஒன்று இருக்கிறது. 1962இலேயே எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் நிலாத்தரையில் லேசரைப் பட்டுத் திரும்பவைத்திருக்கிறார்கள். இவற்றை ஒரு மாணவர் தேடிக் கண்டுபிடித்தால் கையேடு முழுவதையும் நம்பமாட்டார். ஆள் போனதற்கு 382 கிலோ கல்லும் மண்ணும் இருக்கின்றன, 2009 முதல் நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் மேலிருந்து எடுத்த படங்களில் நடந்த தடங்களே தெரிகின்றன. சான்றைப் பாடம் சொல்லட்டும், பெயர் கருவியின் வேலையைச் சொன்னால் போதும்.

இதுவரை மீளாடிக்கு நான்கு பேர், மீளெதிரொளிப்பானுக்கு இருவர். பிந்தையது துல்லியம்தான், பாடநூலோடும் ஒட்டும், ஆனால் பிள்ளைகள் இரண்டாம் தடவை சொல்லமாட்டார்கள். புலவர் ஐயா மட்டும், மீள்பார்வை, மீள்பதிவு எல்லாவற்றிலும் மீள் என்றால் ‘மறுபடி’தான், ‘வந்த வழியே’ ஆகாது, ‘திருப்பாடி’தான் சரி என்று நேற்று இரவும் எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் தடைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. திருப்பாடியை ஊர்ப்பெயராகப் படித்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. மீளாடி என்று போட்டு, பக்கத்திலேயே சைக்கிள் வில்லைப் படத்தையும் வைக்கிறேன். வியாழன் இரவுக்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றத் தயார்.