வீட்டுக்கல்வியில் ஜெபம் எதுவரை?

பெத்தானியா:
என் இளைய மகனுக்கு ஒன்பது வயது. மூத்தவளைப் போலவே அவனுக்கும் வீட்டில்தான் பாடம். வாசிப்பு இன்னும் பிடிபடவில்லை. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். பள்ளியில் சேர்த்துவிடு என்று உறவினர்கள் நெருக்குகிறார்கள். பிள்ளைகளுக்குப் போதிக்கும் பொறுப்பை வேதாகமத்தில் உபாகமம் 6:7 பெற்றோரிடம்தான் தந்திருக்கிறது. அழைத்தவர் நடத்துவார் என்று காத்திருப்பது தவறா?

பாளை ஆசிரியர்:
தவறுதான், சகோதரி. தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் கற்பித்தவன் என்பதால் சொல்கிறேன். இந்த வயதில் ஊகித்து வாசிக்கும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. நீங்கள் காட்டும் வசனம் கர்த்தருடைய கட்டளைகளைப் போதிப்பதைப் பற்றியது. எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பிப்பதைப் பற்றியதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அங்கே பள்ளிக்கூடங்களைத் தொடங்கினாரே, அது விசுவாசக் குறைவா?

மதுரை அப்பா:
ஐயா, பரிசோதனை வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதற்காகப் பள்ளிதான் தீர்வு என்றாகிவிடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. 14 வயதானதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். ஒரே மூச்சில் எல்லாப் பாடங்களையும் முடிக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். எங்கள் வீட்டில் காலை ஜெபம் பிள்ளைகளைவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. கோபத்தோடு கணக்கு நோட்டைத் திறக்காமல் இருக்க அது உதவுகிறது.

நெல்லை அக்கா:
என் கவலை வேறு. எங்கள் சபையில் ஒரு பையனுக்காக, “சோம்பலை நீக்கும்” என்று அவன் முன்னாலேயே ஜெபித்தார்கள். அவனுக்குப் பார்வைக் குறைபாடு இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் தன்மேல் ஆண்டவருக்கே கோபம் என்று அவன் நம்பிவிட்டான். பெத்தானியா, உங்கள் மகனின் காதுபட அவன் வாசிப்புக்காக ஜெபிக்காதீர்கள். பள்ளியில் சேருங்கள், வேறொருவரின் கண்ணும் அவன்மேல் இருக்கட்டும்.

பெத்தானியா:
அக்கா, அதை மட்டும் ஏற்க மாட்டேன். என் மகனுக்காகக் குறை சொல்லி ஜெபிப்பதில்லை; அவன் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துகிறோம். அவனே “ஆமென்” சொல்கிறான். வீட்டுக்கல்வியையும் விடப்போவதில்லை. பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். ஐயா, எங்கே தொடங்குவது?

பாளை ஆசிரியர்:
முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் விசாரியுங்கள். அவன் எழுதிய நோட்டுகளை அப்படியே எடுத்துச் செல்லுங்கள், பிழைகளைத் திருத்திவிடாதீர்கள். பள்ளி பற்றிய என் கருத்து மாறவில்லை, சகோதரி. முடிவு வந்ததும் எழுதுங்கள், அப்போது மறுபடியும் வாதாடுவேன்.