உதவி: ரெண்டு பேருக்கும் ஒரே ஈ.கோலை கிருமி, ஒருத்தருக்கு மட்டும் காய்ச்சல். லேப்ல மாத்திட்டாங்களா?

மன்னார்குடிப்பையன்: அவசரம். அம்மா, சித்தி ரெண்டு பேர் யூரின் கல்ச்சர்லயும் (மூத்திரத்துல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) ஈ.கோலை. சித்தி குளிர்காய்ச்சல்ல நடுங்குது, அம்மா ஜம்முன்னு இருக்காங்க. ரிப்போர்ட் மாறிடுச்சா?

வெண்ணாறு: வயசு? சுகர்? மூத்திரத்துல பஸ் செல்ஸ், அதான் சீழ் அணுக்கள், எவ்வளவு?

குடவாசல்லேப்: மூத்திரம் முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றததான பிடிச்சாங்க?

திண்ணைவாத்தியார்: மாசம் நாலு பேர் இதே கேள்வி. முழு விவரம் போடக் கத்துக்குங்க தம்பி. கிருமி இருந்தா தொற்று, ரெண்டு பேருக்கும் மருந்து. அவ்வளவுதான்.

கொள்ளிடக்கரை: உடம்புச்சூடு. வாழைத்தண்டு சாறு குடுங்க.

மன்னார்குடிப்பையன்: அம்மா 61, சுகர் உண்டு. எரிச்சல் கிடையாது, செக்கப்ல எடுத்தது. பஸ் செல்ஸ் 2-4. சித்தி நடவுக்குப் போறவங்க. அவங்களுக்கு ‘ப்ளென்டி’, அதாவது ஏராளம்னு போட்டிருக்கு. விலாவுக்குக் கீழ முதுகுல வலிங்கிறாங்க.

வெண்ணாறு: அப்ப லேப் மேல பழி வேண்டாம். பேர் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணா? ஈ.கோலை மேல ஃபிம்ப்ரியான்னு மயிரிழை மாதிரி நீட்டல்கள் இருக்கும். ஒருவகை நுனியில ஃபிம்எச்னு ஒரு புரதம், அது மூத்திரப்பை சுவர்ல இருக்குற மானோஸ் சர்க்கரையப் பிடிச்சுக்கும். பி ஃபிம்ப்ரியாங்கிற இன்னொரு வகை சிறுநீரகத்துல ஒட்டும். ஒட்டினபிறகுதான் வம்பு. கிருமியோட வெளிச்சுவர்ல உள்ள எல்பிஎஸ்ங்கிற பொருள நம்ம செல்லோட டிஎல்ஆர்4ங்கிற உணர்வான் கண்டுபிடிச்சதும், செல் ஐஎல்-6, ஐஎல்-8ன்னு சேதி சொல்ற புரதங்கள விடும். ஐஎல்-8 வெள்ளணுக்களக் கூப்பிடும், அதுதான் அந்த ‘ப்ளென்டி’. ஐஎல்-6 காய்ச்சலக் கிளப்பும். சரியா ஒட்டாத கிருமி சத்தமில்லாம மூத்திரத்துலயே வளரும். டிஎல்ஆர்4 குறைவா இருக்குறவங்களுக்கும் ஆர்ப்பாட்டம் கம்மி. வாத்தியாரே, அறிகுறி இல்லாதவங்களுக்கு சுகர் இருந்தாலும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். கர்ப்பிணிகள், மூத்திரப்பாதையில ஆபரேஷன் பண்ணிக்கப் போறவங்க மாதிரி சிலருக்குத்தான் விதிவிலக்கு.

திண்ணைவாத்தியார்: நான் பொதுவா சொன்னேன்.

வார்டுசிஸ்டர்: சித்திய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, இழை அப்புறம். வயல்ல ஒதுங்க இடமில்லன்னு நடவுக்குப் போற பொம்பளைங்க காலையிலேருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. இதப் பேச ஒருத்தரும் இல்ல.

பாபநாசம்பார்மா: அந்த ஃபிம்எச்ச ஏமாத்தத்தான் அதே மானோஸ் சர்க்கரைய டி-மானோஸ் பவுடர்னு விக்கிறாங்க.

வெண்ணாறு: கணக்கு அழகுதான். 2024-ல பிரிட்டன்ல அடிக்கடி தொற்று வர்ற பெண்கள் கிட்டத்தட்ட 600 பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க, மருந்தில்லாத வெறும் பவுடர விடப் பெருசா ஒண்ணும் தடுக்கல.

கொள்ளிடக்கரை: வெளிநாட்டுப் பவுடர்னா ஆராய்ச்சி, வாழைத்தண்டுன்னா இளக்காரமா?

குடவாசல்லேப்: தண்டு கல்லுக்குன்னுதான் எங்க வீட்லயும் குடுப்பாங்க. கிருமிக்குன்னு யார் சொன்னா?

கொள்ளிடக்கரை: எங்க அப்பத்தா. அதுவும் மொந்தன் தண்டு, பூவன் இல்ல.

பாபநாசம்பார்மா: மொந்தனா? பூவன் தண்டுதாங்க சாறுக்கு.

மன்னார்குடிப்பையன்: சித்தி அட்மிட். கிட்னி வரைக்கும் ஏறிடுச்சாம், ஊசி போகுது. அம்மாவுக்கு டாக்டர் ஒண்ணும் எழுதல. நன்றி.

குடவாசல்லேப்: சென்சிடிவிட்டி தாள்ல எந்த மருந்துக்கு ‘ஆர்’னு, அதான் கேக்காதுன்னு, வந்திருக்கு? ஒரு போட்டோ போடுங்க, பேர மறைச்சுட்டு.

கொள்ளிடக்கரை: பூவன்ல சாறு நிக்காது சார்.