தொலேதோவில் அம்மாவுடன் 3 இரவு: மலை மேலே தங்குவதா, அடிவாரத்திலா?

ராயபுரத்து மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்பெயின் போகிறேன். தம்பி மாட்ரிட்டில் வேலை பார்க்கிறான். அவன் வீடு ஒற்றை அறை வீடு, மூன்று பேருக்கு இடம் போதாது. அதனால் நடுவில் 3 இரவு தொலேதோவில் தங்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். விசாவுக்குத் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டும் என்பதால் இந்த வாரமே ஓர் இடத்தைப் பிடித்தாக வேண்டும்.

அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். வயது 71. இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சமதரையில் என்னைவிட வேகமாக நடப்பார். தினமும் காலைப் பூசைக்கு ராயப்பர் கோயிலுக்குத் தனியாகவே போய்விட்டு, வரும்போது பால் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு வருவார். படிக்கட்டு என்றால்தான் சிரமம். ஏறும்போது சமாளித்துவிடுவார். இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக வைப்பார்.

தம்பி ஒருநாள் வீடியோவில் தொலேதோ பேராலயத்தைக் காட்டினான். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு. "அங்கேயும் காலைப் பூசைக்கு நானே தனியா போயிட்டு வரணும், யாரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வரக் கூடாது" என்கிறார். அவர் வாழ்நாளில் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அவர் கேட்டதும் இது ஒன்றுதான். எப்படியாவது செய்து கொடுக்க வேண்டும்.

நாலு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். மலை மேலே சொகோதோவேர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல். ஹுதேரியா என்கிற பழைய யூதர் தெருப் பகுதியில் சமையலறையோடு ஒரு வீடு; இருப்பதில் வாடகை குறைவு, மொட்டை மாடியும் உண்டு. கீழே ரயில் நிலையத்துப் பக்கம் லிஃப்ட் வைத்த புது ஹோட்டல் ஒன்று. கடைசியாக ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பராதோர் என்கிற அரசு விடுதி. வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே பேராலயத்துக்கு ஒன்று ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் தெரிகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், எதை எடுக்கலாம்?

பெரம்பூரான், மாட்ரிட்டிலிருந்து:

வணக்கம் அக்கா. நான் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் தொலேதோவுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வரைபடத்தை நம்பாதீர்கள். அதில் தூரம் தெரியும், ஏற்றம் தெரியாது. நம் பக்கம் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நடந்தாலும் ஓர் ஆள் உயரம்கூட ஏறியிருக்க மாட்டோம். தொலேதோ அப்படி இல்லை. தாஹோ ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓட, நடுவில் பாறைக் குன்று, அதன் மேல் ஊர். ஆற்றிலிருந்து உச்சியில் இருக்கும் அல்காசர் கோட்டைக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். அந்தக் காலத்தில் ஆற்றுத் தண்ணீரை மேலே கொண்டுபோவதே பெரும் பாடாக இருந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஹுவானெலோ துர்ரியானோ என்ற கடிகாரக்காரர் அதற்காகவே ஓர் இயந்திரம் கட்டி, ஆற்றின் ஓட்டத்தையே விசையாக வைத்துத் தண்ணீரைக் கோட்டை வரை ஏற்றினார். குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடிய தெருவில் வளர்ந்தவன் நான். அந்தக் கதையைக் கேட்டபோது ஊரின் உயரம் சட்டென்று மனதில் பதிந்துவிட்டது.

மாட்ரிட் அதோச்சாவிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். தொலேதோ ரயில் நிலையத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். நம் ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது, இது 1919இல். வண்ணக் கண்ணாடியும் மர வேலைப்பாடுமாக, டிக்கெட் கவுண்டரே ஆலயப் பீடம் போல இருக்கும். ஆனால் அங்கிருந்து நடந்து ஏற வேண்டாம். டாக்ஸியோ டவுன் பஸ்ஸோ பிடியுங்கள்.

தங்குவதற்கு என் யோசனை அடிவாரத்தில் பிசாக்ரா என்கிற பழைய கோட்டை வாயில் பக்கம். சமதரை, வண்டி வாசல் வரை வரும், வாடகையும் நியாயம். மேலே போக அங்கே பக்கத்திலேயே நகரும் படிக்கட்டு உண்டு. 2000ஆம் ஆண்டில் கட்டியது. குன்றின் சரிவிலேயே பதித்து, ஆறு கட்டங்களாக 36 மீட்டர் உயரம் கொண்டுபோய் விடும். அம்மா ஒரு படிகூடக் கால் தூக்கி வைக்க வேண்டாம்.

தேரடி வாசி, திருவொற்றியூர்:

பெரம்பூர் தம்பி சொன்னதில் பாதி சரி. மீதியில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் மூன்று வருடத்துக்கு முன் என் மாமியாரோடு போனேன். அவருக்கும் அப்போது வயது 70.

அந்த நகரும் படிக்கட்டு நல்ல வசதிதான். ஆனால் அது கொண்டுபோய் விடும் இடம் ஊரின் வடக்கு ஓரம். அங்கிருந்து பேராலயத்துக்கு இன்னும் சந்து சந்தாக ஏறி இறங்க வேண்டும். வழியும் எளிதில் மனதில் நிற்காது. சௌகார்பேட்டைச் சந்துகளைச் சரிவான தரையில் தூக்கி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. நீங்கள் கூடவே போனால் பரவாயில்லை. உங்கள் அம்மா தனியாகப் போக ஆசைப்படுகிறாரே. அதிகாலையில் அந்தப் படிக்கட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டா ஒருவர் பூசைக்குக் கிளம்புவார்?

நாங்கள் முதலில் எடுத்தது ஹுதேரியாவில், நீங்கள் சொல்வது போலவே சமையலறையோடு ஒரு வீடு. ரசம் வைத்துச் சோறு வடிக்கலாம், மாமியாருக்கு வயிறு கெடாது என்று நினைத்தேன். விளம்பரத்தில் லிஃப்ட் உண்டு என்று போட்டிருந்தார்கள். லிஃப்ட் இருந்தது. ஆனால் அது தொடங்கும் இடத்துக்கே உள்ளே 17 படி ஏற வேண்டும். கல் படி, கைப்பிடி கிடையாது. டாக்ஸிக்காரர் சந்து முனையில் இறக்கிவிட்டார், அதற்கு மேல் வண்டி நுழையாது. உருண்டைக் கல் பதித்த தெருவில் பெட்டியை இழுத்ததில் ஒரு சக்கரமே கழன்றுவிட்டது. இதெல்லாம்கூடப் போகட்டும். மறுநாள் மதியம் எல் கிரேகோ என்ற பழைய ஓவியரின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்த மாமியார், அந்தப் 17 படியைப் பார்த்துவிட்டு, "நான் இங்கேயே உக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று வாசல் திண்டில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் களைப்பைவிட வருத்தம் அதிகம். தன்னால் எல்லோருக்கும் தொந்தரவு என்று அவர் நினைத்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அன்று சாயங்காலமே கட்டிய பணத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டு சொகோதோவேருக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்கு மாறினோம்.

அங்கே போனதும் எல்லாம் மாறிவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும். சதுக்கத்திலிருந்து பேராலயம் வரை கொமெர்சியோ தெரு போகிறது. லேசான சரிவு இருக்கும், ஆனால் படிக்கட்டு இல்லை. வழியெல்லாம் கடைகள், நிழல், ஆள் நடமாட்டம். நிதானமாகப் பத்து நிமிடம். மூன்றாம் நாள் காலை நான் குளித்து வருவதற்குள் மாமியார் தனியாகப் போய், பேராலயக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, கன்னியாஸ்திரிகள் செய்து விற்கும் மாசபான் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பாதாமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது, நம் முந்திரி கேக் ஜாதி. பேரம் பேசினாராம். எந்த மொழியில் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

மேலே தங்குவதில் இன்னொன்றும் இருக்கிறது. பகலில் மாட்ரிட்டிலிருந்து வரும் கூட்டம் தாங்காது. சாயங்காலம் பஸ்களும் ரயிலும் அவர்களை அள்ளிக்கொண்டு போனதும் ஊர் அடங்கிவிடும். அந்த மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். உழவாரன் குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு கோபுரத்தைச் சுற்றிப் பறக்கும். ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு சதுக்கத்தில் வந்து உட்காருவார்கள். மாமியார் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடிவாரத்தில் அறை எடுத்திருந்தால் அந்த நேரத்துக்குக் கால் வலிக்கிறது என்று இறங்கிப் போயிருப்போம். மதியம் 2 முதல் 5 வரை வெயிலில் அறைக்கு வந்து படுத்து எழுந்திருக்கவும் மேலேதான் வசதி. மே கடைசியிலேயே வெயில் ஏறிவிடும், ஏசி இல்லாத அறையை எடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள்: டாக்ஸி சரியாக எந்த இடத்தில் நிற்கும், தெருக் கதவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி. "லிஃப்ட் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் நான் ஏமாந்த மாதிரிதான். விளம்பரத்தில் "சின் அசென்சோர்" என்று போட்டிருந்தால் லிஃப்ட் இல்லை என்று அர்த்தம், அதோடு விட்டுவிடுங்கள். குளியலறையில் தொட்டி இருக்கிறதா, நின்று குளிக்கும் இடமா என்பதையும் கேளுங்கள். மூட்டு மாற்றியவர் தொட்டியின் விளிம்பைத் தாண்டுவது படி ஏறுவதைவிட மோசம்.

எண்ணூர் காற்று:

பராதோர் பற்றி இரண்டு வரி. அது ஸ்பெயின் அரசு நடத்தும் விடுதி வரிசை, 1928இலிருந்து நடக்கிறது. தொலேதோவில் உள்ளது எதிர்க்கரைக் குன்றில். இரவில் பால்கனியில் நின்றால் கோட்டை, பேராலயம், ஆறு எல்லாம் ஒரே பார்வையில் விளக்கொளியில் தெரியும். நானும் மனைவியும் அன்று தூங்கவே மனமில்லாமல் நின்றோம். ஆனால் ஊருக்குள் போக ஒவ்வொரு முறையும் டாக்ஸி வேண்டும். பூசைக்குத் தனியாக நடந்து போக வழியே இல்லை. உங்கள் தேவைக்கு ஒத்துவராது. அந்தக் காட்சிக்காக மட்டும் ஒரு மாலை டாக்ஸியில் மிராதோர் தெல் வால்யே என்கிற காட்சி முனைக்குப் போய் வாருங்கள், அங்கிருந்தும் அதே காட்சிதான்.

ராயபுரத்து மகள் எழுதியது:

தேரடி அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். வாசல் திண்டில் உட்கார்ந்த இடம் வந்ததும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த அம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னு கேளு" என்றார்.

கீழ் ஹோட்டலையும் பராதோரையும் விட்டாயிற்று. ஹுதேரியா வீட்டுக்காரருக்கு நீங்கள் சொன்ன மாதிரி எழுதிக் கேட்டேன். மொத்தம் 31 படி. அதையும் விட்டாயிற்று. ஒரு சந்தேகம் மட்டும்: பேராலயத்தில் பூசைக்குப் போகவும் டிக்கெட் வாங்க வேண்டுமா?

பெரம்பூரான், மாட்ரிட்டிலிருந்து:

தேரடி அக்கா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தனியாகப் போவது என்பதை நான் சரியாக யோசிக்கவில்லை.

சுற்றிப் பார்ப்பதற்குத்தான் டிக்கெட். பூசைக்கு வேண்டாம், வாசலில் பூசைக்கு வந்ததாகச் சொன்னால் போதும். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்: அந்தப் பேராலயத்தில் ஒரு சிற்றாலயத்தில் மொசாராபிய முறைப் பூசை இன்றும் நடக்கிறது. அரபு ஆட்சிக் காலத்தில் அங்கே வாழ்ந்த கிறிஸ்தவர்கள் காப்பாற்றி வைத்த பழைய வழிபாட்டு முறை அது. 1085இல் ஊர் மீண்டும் கிறிஸ்தவ அரசர் கைக்குப் போன பிறகும் விடாமல் வைத்திருக்கிறார்கள். பேராலயத்தைக் கட்டத் தொடங்கியதே அதற்கு அப்புறம், 1226இல்தான். வேறு எங்கேயும் எளிதில் பார்க்கக் கிடைக்காது.

இன்னொன்று, தேதியைச் சரிபாருங்கள். ஈஸ்டர் ஞாயிறு கழித்து 60ஆம் நாள், ஒரு வியாழக்கிழமை, அங்கே நற்கருணைப் பவனி. தெருவுக்கு மேலே துணிப் பந்தல் கட்டி, தரையில் வாசனைத் தழை தூவி, ஆர்ஃபே என்ற பொற்கொல்லர் செய்த, நற்கருணை வைக்கும் பெரிய கதிர்ப்பாத்திரத்தை எடுத்து வருவார்கள். அந்த நாள் உங்கள் பயணத்தோடு ஒட்டி வந்தால் அறை வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும், வாடகையும் ஏறும். கிடைத்தால் விடாதீர்கள்.

தேரடி வாசி, திருவொற்றியூர்:

மாமியார் நன்றாக இருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நேற்றுகூட வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்து போய் வந்தார். எல் கிரேகோவின் அந்தப் பெரிய ஓவியம் இருக்கும் கோயிலின் பெயர் சாந்தோ தோமே, அதாவது புனித தோமையார். நம் சாந்தோம் என்ற பெயரும் அதேதான். 1588 வாக்கில் வரைந்து முடித்த ஓவியம், எந்தக் கோயிலுக்காக வரைந்தாரோ அங்கேயே இன்னும் இருக்கிறது. கொஞ்சம் சரிவான வழி. காலையில் கால் களைக்கும் முன் அழைத்துப் போங்கள்.

ராயபுரத்து மகள் எழுதியது:

சொகோதோவேர் பக்கத்து ஹோட்டலையே எடுத்துவிட்டேன். வாடகை நான் நினைத்ததைவிட இரவுக்கு 25 யூரோ அதிகம், பரவாயில்லை. பவனி நாள் நாங்கள் மாட்ரிட்டில் இருக்கும்போது வருகிறது. அன்று ரயிலில் போய் வரலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

படிக் கணக்கு கேட்டு எழுதியதற்கு ஹோட்டல்காரர்கள் நல்ல மனதோடு பதில் போட்டார்கள். தெரு வாசலில் ஒரே ஒரு படி, அப்புறம் நேராக லிஃப்ட். அந்த ஒரு படிக்குப் பக்கத்தில் அளவு நாடாவை நிறுத்திப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்: 15 சென்டிமீட்டர். அம்மா தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் வீட்டு வாசற்படியை அளந்து பார்த்தார். எங்களுடையது 18.