பெரிய வீடு குழு: மாலதி திங்கட்கிழமை என்ன பேச வேண்டும்?

வெள்ளி, மாலை 6.12

மாலதி: எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை நகர்மன்றக் கூட்டம். வருமானத்தைக் கூட்டுவதற்கு மூன்று பொருள் வந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு குப்பைக் கட்டணம், மார்க்கெட் ரோட்டில் பார்க்கிங் கட்டணம், கடை வாடகைத் திருத்தம். நம் வார்டு கவுன்சிலராக நான் பேசியாக வேண்டும். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். ராஜு மாமா, நீங்கள் கட்டாயம்.

பாபு: குப்பைக்குத் தனியாகக் காசா?

கலா அத்தை: ஞாயிறு வளைகாப்புக்கு எத்தனை பேர் என்று முதலில் சொல்லுங்கள். சமையல்காரர் நாளைக் காலைக்குள் கேட்கிறார்.

சங்கர் சித்தப்பா: கடை வாடகையில் கை வைக்க வேண்டாம் மாலதி. மழைக்காலத்தில் மார்க்கெட் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

மாலதி: தெரியும் சித்தப்பா. அதனால்தான் கேட்கிறேன்.

நித்யா: கோவையிலிருந்து நாங்கள் 4 பேர் அத்தை. சனி இரவே வந்துவிடுவோம்.

ராஜு மாமா: மாலதி, நான் பில் கலெக்டராகச் சேர்ந்து வருவாய்ப் பிரிவிலேயே ஓய்வு பெற்றவன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. நகராட்சிக்குச் சொந்த வருமானம் என்றால் பெரும்பாலும் சொத்து வரி, காலியிட வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. இதில் தொழில் வரியை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஒருவரிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1988-ல் வைத்த வரம்பு. சொத்து வரியை 2022-ல் ஏற்றினார்கள். நம்மைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. மத்திய அரசின் 15-வது நிதிக் குழு சொன்ன மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியைத் திருத்தியாக வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அந்தச் சுமை இன்னும் இறங்கவில்லை. அதற்குள் அதே வீட்டுக்காரரிடம் குப்பைக்கு என்று போய் நிற்பது சரியில்லை.

சங்கர் சித்தப்பா: சரி

நித்யா: கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி வைத்தார்களே?

சங்கர் சித்தப்பா: மலைக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ்தான் இருக்கிறதே. அதிலேயே வண்டிக்கு 50, 100 வாங்கிவிடலாம்.

ராஜு மாமா: இ-பாஸ் நகராட்சி கொண்டு வந்தது இல்லை சங்கர். உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. எத்தனை வண்டி மலை தாங்கும் என்று பார்க்கத்தான் அது. 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வைத்ததும் நீதிமன்றம்தான். மன்றம் தீர்மானம் போட்டு அதில் காசு வாங்க முடியாது.

திவ்யா: யாரும் மேல் படி வழியாக வராதீர்கள்!! காட்டெருமை நிற்கிறது. குப்பைத் தொட்டிப் பக்கம். கன்றும் கூட இருக்கிறது.

கலா அத்தை: ஐயோ, பாட்டி கோயிலுக்குப் போனாரே

திவ்யா: பாட்டி எங்கள் வீட்டில்தான் அத்தை. டீ குடிக்கிறார்.

நித்யா: போட்டோ?

திவ்யா: ஜன்னலிலிருந்து எடுத்தேன், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கறுப்புப் பையைக் கொம்பால் கிழித்துவிட்டது. பிரியாணி டப்பா, முட்டை ஓடு, குட்டிக் குட்டி ஷாம்பு பாட்டில். பை ஒன்று பாதி வாய்க்குள் போய்விட்டது, மீதி தொங்குகிறது. துப்பத் தெரியாமல் மென்றுகொண்டே நிற்கிறது. பார்க்கவே முடியவில்லை.

ராஜு மாமா: குட்டி ஷாம்பு பாட்டிலா? அது வீட்டுக் குப்பை இல்லை.

பாபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: மேல் வளைவில் இருக்கும் அந்த ரிசார்ட்டின் வண்டிதான். ராத்திரி 11 மணிக்கு மேல் வந்து போட்டுவிட்டுப் போகிறது. இரண்டு முறை நானே பார்த்தேன்.

ராஜு மாமா: மாலதி, நீ பேச வேண்டியது இதுதான். ஊட்டி பூங்காவில் வாங்கும் டிக்கெட் காசு தோட்டக்கலைத் துறைக்கு. படகு இல்லத்துக் காசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு. மலை ரயில் காசு ரயில்வேக்கு. வருகிறவர்கள் போடும் எச்சில் இலையும் பாட்டிலும் மட்டும் நகராட்சிக்கு. கொடைக்கானல் நகராட்சிக்காவது வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் சுங்கச்சாவடி இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் கையில் சட்டம் இருக்கிறது. 2016 திடக்கழிவு விதிகளிலேயே ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறவர் மொத்தக் கழிவு உண்டாக்குபவர் என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். குப்பை அள்ளுவதற்குப் பயன்பாட்டுக் கட்டணம் வாங்கவும் அதிலேயே அதிகாரம் தந்தார்கள். அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல். அதன் பிறகு வீடு.

மாலதி: இது பிடித்திருக்கிறது மாமா.

ராஜு மாமா: இன்னொன்றும் இருக்கிறது. கூட்டத்தில் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலைக் கேள், அதாவது எவ்வளவு வரி கேட்டார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. அதில் குடியிருப்பு எத்தனை, வணிகம் எத்தனை என்று பிரித்துத் தரச் சொல். நம் ஊரில் பலகை மாட்டி அறை வாடகைக்கு விடும் எத்தனையோ வீடுகள் இன்னும் குடியிருப்பு வகையிலேயே வரி கட்டுகின்றன. அதைச் சரி செய்தாலே ஒரு வருமானம்.

பாபு: இது எனக்கா மாமா?

ராஜு மாமா: ஊருக்குச் சொல்கிறேன் பாபு.

பாபு: ஊரில் உங்கள் கண்ணுக்கு என் வீடுதான் தெரியும். தாத்தா கீழ் போர்ஷனை எனக்கு எழுதி வைத்த நாளிலிருந்தே இப்படித்தான்.

கலா அத்தை: பாபு, குழுவில் வேண்டாம். பாட்டி பார்ப்பார்.

பாபு: என்னிடம் இருப்பது மூன்று அறை. அதில் 100 கிலோ எங்கிருந்து வரும்? சீசன் இரண்டு மாதம். மீதி நாளில் மூடிக் கிடக்கிறது. வங்கித் தவணை மூடிக் கிடப்பதில்லை.

ராஜு மாமா: 100 கிலோ உனக்கு இல்லை. உன் விஷயம் வரி வகை மட்டும். 1,500 சதுர அடி வீட்டுக்கு 2022-ல் 75 சதவீதம் ஏற்றினார்கள், வணிகத்துக்கு 100. அடிப்படை விகிதமே வணிகத்துக்குக் கூடுதல். நீ கட்டாமல் விடுவதைத்தான் கீழ் வீதியில் 500 சதுர அடியில் இருப்பவரிடம் குப்பைக் கட்டணமாகக் கேட்கப் போகிறார்கள். உன்மேல் எனக்கு என்ன கோபம்? உனக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய்.

சங்கர் சித்தப்பா: பாபு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

மாலதி: அண்ணா, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நான் எழுந்து ஹோம்ஸ்டே என்று ஆரம்பித்ததும் உன் அண்ணன் வீடு எந்த வகை என்று எதிர் வரிசையில் கேட்பார்கள். அப்போது நான் தலை குனிந்து நிற்கக் கூடாது. பேசாமல் இருந்தால் நம் வீதியில் எல்லோருக்கும் கட்டணம் வரும். இந்த ஓட்டுக்கு 2022-ல் நீதான் வீடு வீடாக என்னோடு ஏறி இறங்கினாய்.

திவ்யா: காட்டெருமை பேக்கரி பக்கம் இறங்கிவிட்டது. கன்று இன்னும் தொட்டியிடம் நிற்கிறது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டேன்.

நித்யா: பாட்டியைத் தனியாக அனுப்பாதே

கலா அத்தை: வளைகாப்பு!! இதுவரை 31. சங்கர் வீட்டில் எத்தனை?

சங்கர் சித்தப்பா: 3. கடை வாடகை பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே மாலதி.

மாலதி: அதைத் தள்ளி வைக்கக் கேட்கிறேன் சித்தப்பா. முதலில் பட்டியல் வரட்டும். பார்க்கிங்குக்கு உள்ளூர் வண்டிக்கு விலக்கு கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்குமா என்று தெரியவில்லை.

இரவு 9.40

பாபு: வகை மாற்றினால் பழைய வருடத்துக்கும் சேர்த்துக் கேட்பார்களா மாமா?

ராஜு மாமா: ரசீதுகளை எடுத்துக்கொண்டு நாளைக் காலை வீட்டுக்கு வா. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மனு வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

பாபு: பார்க்கலாம். ஞாயிறு கழியட்டும்.

மாலதி: கூட்டம் திங்கள் அண்ணா.

பாபு: தெரியும்

கலா அத்தை: பாபு, நீ வளைகாப்புக்கு வருகிறாயா இல்லையா? 34 என்று சொல்லவா, 37 என்று சொல்லவா?