பிஎம்டபிள்யூ முன் கண்ணாடி விரிசல்: புதுச்சேரியிலேயே மாற்றலாமா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

முத்தியால்பேட்டை_டீசல்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் டீசல், பிஒய் 01 பதிவு. போன வாரம் திருவக்கரை பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது முன்னால் போன டிப்பரிலிருந்து ஒரு ஜல்லி தெறித்து நேராக முன் கண்ணாடியில் அடித்தது. தார்ப்பாய் கட்டாமல் வாய் வரைக்கும் ஜல்லி ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில் வரிசையாக ஓடுகிறார்கள், பைக்கில் வருகிறவன் முகத்தில் அது பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

அன்றைக்கு ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சின்னப் புள்ளிதான். மறுநாள் மதியம் வெயிலில் நின்ற வண்டியை எடுத்து ஏசியை முழுசாக வைத்ததும் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஸ்டீயரிங் பக்கம் வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது.

சென்னை சர்வீஸ் சென்டரில் எல்லாம் சேர்த்து 1,30,000 சொல்கிறார்கள், கண்ணாடி வர நாளாகுமாம். இங்கே 100 அடி ரோடு பக்கம் ஒரு கடையில் 55,000-க்கு ஒரே நாளில் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். இன்சூரன்ஸில் என்சிபி (கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடி) 50 சதவீதம் இருக்கிறது, ஜீரோ டெப்பும் (தேய்மானம் பிடிக்காத ஆட்-ஆன்) உண்டு. அம்மாவை ஜிப்மர் செக்கப்புக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப்போகிறேன், அதனால் ரொம்ப நாள் விட முடியாது. உள்ளூரில் போட்டால் பயமில்லையா? விரிசலோடு சென்னை வரை ஓட்டலாமா? இன்சூரன்ஸில் போனால் லாபமா?

கண்ணாடி_மேஸ்திரி:

தம்பி, நான் இந்த வேலையிலேயே இருக்கிறவன், நம் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரி கண்ணாடியில் ஆரம்பித்து இப்போது கார்தான் அதிகம். முதலில் ஒன்று: புள்ளியாக இருந்தபோது ரெசின் ஏற்றி நிறுத்தியிருக்கலாம், கோடு ஓடி ஓட்டுகிறவர் பார்வைக்கு நேரே வந்த பிறகு மாற்றுவது ஒன்றுதான் வழி. முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலம். அதனால்தான் உடைந்தாலும் மேலே கொட்டாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் வெளித் தகடு ஒரு தடவை விட்டுவிட்டால் சூடும் குளிரும் மாறி மாறிப் படும்போது ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாற்றும் வரைக்கும் ஏசி காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாதீர்கள், வெயிலில் நின்ற வண்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இப்போது விலைக்கு வருவோம். 55,000-க்கும் 1,30,000-க்கும் நடுவில் இருப்பது கம்பெனி லாபம் மட்டும் இல்லை. உங்கள் வண்டியில் ஹெட்-அப் டிஸ்ப்ளே இருக்கிறதா, அதாவது வேகம் கண்ணாடியிலேயே தெரிகிறதா? இருந்தால் அதற்குத் தனிக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியில் உள் முகம் ஒரு பிம்பம் காட்டும், வெளி முகம் ஒரு பிம்பம் காட்டும், எழுத்து இரட்டையாகத் தெரியும். அதைச் சேர்ப்பதற்காக அந்தப் பிவிபி படலத்தையே மேலே தடிமனாகவும் கீழே மெல்லிசாகவும் ஆப்பு மாதிரி செய்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, மாட்டி வண்டியை ஸ்டார்ட் பண்ணிய பிறகுதான் தெரியும். அதேபோல சத்தம் குறைக்கிற அகூஸ்டிக் படலம் உண்டா, வெயில் சூட்டைத் திருப்புகிற கோட்டிங் உண்டா, மழை சென்சார் உண்டா, பின்னால் வருவதைப் பார்க்கிற நடுக்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி மாறும். ஒரே மாடலுக்குப் பல வகை வரும், கடைக்காரர் மாடல் பெயரை மட்டும் கேட்டு விலை சொன்னால் அது சரியான விலை இல்லை. சேசிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்தைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுக்கச் சொல்லுங்கள். பழைய கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கிற முத்திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சிலதில் அகூஸ்டிக்குக்குக் காது படம் போட்டிருக்கும். புதுசாக வருவதில் ஐஎஸ் 2553 என்கிற இந்தியத் தர முத்திரையோ வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தோ இருக்க வேண்டும்.

அப்புறம் பேஸ்டிங். பாலியூரித்தேன் பேஸ்ட்தான் போட வேண்டும், சிலிகான் போடுகிறேன் என்று ஒருத்தர் சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முன் கண்ணாடி மழைக்கு மட்டும் மறைப்பு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது அதில் மோதித்தான் ஆளைத் தாங்கும், வண்டி உருண்டால் கூரைக்கும் அது ஒரு பலம். பேஸ்ட் பிடித்திருக்கவில்லை என்றால் ஏர்பேக் கண்ணாடியையே வெளியே தள்ளிவிடும். டியூபில் காலாவதி தேதி இருக்கும், உங்கள் கண்ணால் பாருங்கள். எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்பதும் அதிலேயே போட்டிருக்கும், ஒரு மணி நேரத்திலிருந்து பல மணி நேரம் வரைக்கும் பேஸ்டுக்குப் பேஸ்ட் மாறும். காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது இறுகும், நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பஞ்சமில்லாத இன்னொன்று உப்பு. பழைய பேஸ்டைக் கத்தியால் அறுக்கும்போது பிரேமில் பெயிண்ட் கீறினால் அங்கே பிரைமர் தொட்டுவிட்டுத்தான் மேலே வேலை செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் கடற்காற்றில் துரு பிடித்து, துரு பேஸ்டை உள்ளேயிருந்து தூக்கிவிடும். அது உடனே தெரியாது, இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து ஒழுகும்போதுதான் தெரியும்.

ஒயிட்டவுன்_இகிளாஸ்:

மேஸ்திரி அண்ணா சொன்ன அந்த ஒழுகல் எங்கள் வீட்டில் நடந்தது. எங்களுடையது மெர்சிடஸ் இ கிளாஸ், தெருவில் நிறுத்தியிருந்தபோது தேங்காய் விழுந்து கண்ணாடி போய்விட்டது. ஒரு கடையில் வீட்டுக்கே ஆள் வந்து மாற்றினார்கள், தெருவிலேயே வைத்து, காற்று மணலை வாரி அடிக்கிற சாயங்கால நேரத்தில். முதலில் மழை சென்சார்தான் படுத்தியது: வெயிலில் வைப்பர் தானாக ஓடும், மழை பெய்தால் நிற்கும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஜெல் பட்டை இருக்கிறது, பழையதையே எடுத்து ஒட்டியதில் உள்ளே காற்றுக் குமிழி மாட்டியிருந்தது என்று பிறகு பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் மழை எப்படிப் பெய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல். எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, வண்டியும் மேட்டில்தான் நின்றது, ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் கால் வைக்கிற இடம் முழுக்க ஈரம். கண்ணாடி ஓரத்திலிருந்து கூரையைத் தாங்குகிற பக்கத் தூண் வழியாக இறங்கியிருக்கிறது. இந்த மாதிரி வண்டிகளில் கார்ப்பெட்டுக்குக் கீழேயே எலக்ட்ரானிக் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள், கண்ணாடியில் மிச்சம் பிடித்ததை விடப் பல மடங்கு அதற்குப் போனது. என்னைக் கேட்டால் யோசிக்காமல் சென்னைக்கு அனுப்புங்கள்.

கண்ணாடி_மேஸ்திரி:

அம்மா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அது ஊரால் வந்ததில்லை, தெருவில் வைத்துச் செய்ததால் வந்தது. ஷெட்டுக்குள், தூசி இல்லாமல், ஈரம் துடைத்து, பிரைமர் காயவிட்டுச் செய்தால் புதுச்சேரியிலும் நிற்கும். அவசரப்பட்டால் சென்னையிலும் ஒழுகும்.

மஞ்சக்குப்பம்_பாலிசி:

கடலூரில் மோட்டார் இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறேன் சார், பணக் கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பது இல்லை, ஜீரோ டெப் இல்லாத சாதாரண முழு பாலிசியிலும் அப்படித்தான். ரப்பர், பிளாஸ்டிக் பீடிங்குக்குத்தான் பாதி பிடிப்பார்கள், அதை உங்கள் ஜீரோ டெப் பார்த்துக்கொள்ளும். பேஸ்ட், பிரைமர் எல்லாம் கன்ஸ்யூமபிள்ஸ் (வேலையில் தீர்ந்துபோகிற பொருள்) கணக்கில் போகும், அந்த ஆட்-ஆன் இல்லை என்றால் அது உங்கள் கையிலிருந்து. 1500 சிசிக்கு மேல் என்பதால் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 2,000. ஆக 1,30,000 பில்லில் நீங்கள் தருவது சில ஆயிரம் மட்டும். இதைக் கேட்டதும் கிளெய்ம் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும்.

ஆனால் என்சிபி பறந்துவிடும். கிளெய்ம் தொகை சின்னதா பெரியதா என்று பார்ப்பதில்லை, ஒன்று போட்டாலே அடுத்த வருடம் பூஜ்யம். உதாரணத்துக்குத் தள்ளுபடிக்கு முந்தைய உங்கள் ஓடி பிரீமியம் (சொந்த வண்டிச் சேதத்துக்கான பங்கு) 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 50 சதவீதமும் போகிறது, 30,000 நஷ்டம். அடுத்த வருடம் 20 கிடைக்கும், 50 கிடைத்திருக்க வேண்டிய இடத்தில், ஆக 18,000. அதற்கடுத்து 25, நஷ்டம் 15,000. பிறகு 35, நஷ்டம் 9,000. பிறகு 45, நஷ்டம் 3,000. மொத்தம் 75,000. வண்டி மதிப்பு வருடா வருடம் இறங்குவதால் உண்மையில் இதை விடக் குறையும், ஆனாலும் சும்மா கிடைக்கிற கண்ணாடி இல்லை அது. இந்தக் கணக்கில் பார்த்தால் உள்ளூர்க் கடைக்கும் கிளெய்முக்கும் இருக்கிற வித்தியாசம் இருபதாயிரத்துச் சொச்சம்தான், சரியான கண்ணாடிக்கு அது அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பாலிசியில் என்சிபி புரொடெக்ட், அதாவது கிளெய்ம் போட்டாலும் என்சிபி போகாமல் காக்கிற ஆட்-ஆன், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பேச்சே வேண்டாம், கிளெய்ம்தான். பழைய வண்டியாக வாங்கியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: என்சிபி ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை. முந்தைய உரிமையாளரின் என்சிபியோடு பாலிசி அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் கிளெய்ம் நேரத்தில்தான் சிக்கல் வரும். எதுவானாலும் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

முத்தியால்பேட்டை_டீசல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாலிசியை எடுத்துப் பார்த்தேன், என்சிபி என்னுடையதுதான், பழைய வண்டியிலிருந்து மாற்றிக்கொண்டது. என்சிபி புரொடெக்ட்டும் இருக்கிறது, ஒரு கிளெய்ம் வரைக்கும் என்று போட்டிருக்கிறது. வண்டியில் ஹெட்-அப் டிஸ்ப்ளே உண்டு, நடுக்கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் உண்டு. 100 அடி ரோடு கடையில் போன் பண்ணி ஹெட்-அப் கண்ணாடியா என்று கேட்டேன், "எல்லாம் ஒண்ணுதான் சார், நம்பி விடுங்க" என்கிறார். சேசிஸ் நம்பர் வேண்டாம் என்கிறார்.

கண்ணாடி_மேஸ்திரி:

சேசிஸ் நம்பர் வேண்டாம் என்றால் அந்தக் கடை வேண்டாம் தம்பி. புரொடெக்ட் இருக்கிறது என்றால் கேஷ்லெஸ்ஸில் போட்டுவிடுங்கள். கேமரா இருப்பதால் கண்ணாடி மாட்டிய பிறகு அதற்குக் கேலிப்ரேஷன், அதாவது கோணத்தைத் திரும்பச் சரிசெய்வது, கட்டாயம். கேமரா பார்க்கிற கோணம் நூல் அளவு மாறினாலும் தூரத்தில் ரோட்டுக் கோட்டையும் முன்னால் போகிற வண்டியையும் தப்பான இடத்தில் கணிக்கும். சில வண்டிகளுக்கு முன்னால் பலகை நிறுத்தி, சமதளத்தில் அளந்து செய்வார்கள். சிலதுக்கு ஸ்கேன் டூலைப் போட்டுவிட்டு, கோடு தெளிவாக இருக்கிற ரோட்டில் ஓட்டிச் செய்வார்கள். முடித்ததற்கு ரிப்போர்ட் வரும், பில்லோடு அதையும் வாங்குங்கள். அந்த வசதி என்னிடம் இல்லை, அதனால்தான் கேமரா வண்டியை நான் எடுப்பதில்லை.

சென்னை வரைக்கும் 150 கிலோமீட்டர், விரிசல் பார்வைக்கு நேரே இருக்கும்போது ஓட்ட வேண்டாம். வெயிலிலும் எதிர் லைட்டிலும் அந்தக் கோடு பளீரென்று கண்ணில் அடிக்கும். ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருந்தால் பிளாட்பெட் (காரை மேலே ஏற்றிக்கொண்டு போகிற லாரி) கேளுங்கள். திரும்பி வந்த முதல் நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருங்கள், எல்லாம் மூடிக்கொண்டு கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபடுகிற காற்று புதுக் கண்ணாடியைத் தள்ளும். ஓரத்தில் ஒட்டியிருக்கிற டேப்பைப் பிய்க்காதீர்கள், இரண்டு நாளைக்கு பிரஷர் வாஷ் வேண்டாம்.

ஒயிட்டவுன்_இகிளாஸ்:

வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவர்களையே ஹோஸ் போட்டுக் கண்ணாடி ஓரம் முழுக்க மெதுவாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள், அழுத்தம் வேண்டாம், சும்மா வழிந்தால் போதும். உள்ளே உட்கார்ந்து தூண் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ராத்திரியில் ஹெட்-அப் எழுத்து ஒற்றையாகத் தெரிகிறதா என்றும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மொரட்டாண்டி_தினசரி:

யாரும் ஃபாஸ்டேக் பற்றிச் சொல்லவில்லையே. பழைய கண்ணாடியோடு ஸ்டிக்கர் போய்விடும், பிய்த்தால் கிழியும், வேலை செய்யாது. வழங்கிய வங்கியில் அதே வண்டி நம்பருக்கு மாற்று டேக் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது மொரட்டாண்டி டோலில் நிற்க வேண்டி வரும். சூட்டைத் திருப்புகிற கோட்டிங் உள்ள கண்ணாடி என்றால் கண்ட இடத்தில் ஒட்டக் கூடாது, அந்த உலோகப் பூச்சு சிக்னலை மறித்துவிடும். நடுக்கண்ணாடி பக்கத்தில் புள்ளி புள்ளியாகப் பூச்சு இல்லாத இடம் விட்டிருப்பார்கள், அங்கே ஒட்டுங்கள்.

முத்தியால்பேட்டை_டீசல்:

கிளெய்ம் பதிவு பண்ணிவிட்டேன், சர்வேயர் வீடியோவில் பார்த்துக்கொள்வாராம். வண்டியை பிளாட்பெட்டில் அனுப்புகிறேன், அதுவரைக்கும் அம்மாவுக்கு என் மாமா வண்டியை வாங்கி ஓட்டிக்கொள்கிறேன். மாற்று டேக்குக்கும் வங்கியில் சொல்லியாகிவிட்டது. கேலிப்ரேஷன் ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுகிறேன், மேஸ்திரி அண்ணா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.