விநாடி முள் வழுக்கினால் ரோலெக்ஸ் அசலா?

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் ரோலெக்ஸின் தேதி காட்டும் சப்மரீனர் கைக்கடிகாரம் விற்கிறார், இப்போதைய மாடல்தான், பெட்டி, வாரண்டி அட்டை எல்லாம் இருக்கிறது. விநாடி முள் வழுக்கிக்கொண்டு போகிறது, அதனால் அசல்தான் என்கிறார். நம்பலாமா?

பதில் 1: அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அசலின் இயந்திரம் மணிக்கு 28,800 முறை துடிக்கும், அதாவது முள் விநாடிக்கு 8 குட்டி அடி வைக்கும், அதுதான் வழுக்குவதுபோல் தெரிகிறது. போலியில் போடுகிற ஆட்டோமேட்டிக் இயந்திரங்களிலும் இதே வேகத்தில் ஓடுபவை உண்டு. தேதிக்கு மேலே உள்ள லென்ஸைப் பாருங்கள், அசலில் சுமார் 2.5 மடங்கு பெரிதாகி எண் கட்டத்தை நிரப்பி நிற்கும், மட்டமான போலியில் இளைத்துப்போய்த் தெரியும்.

பதில் 2: பின்மூடி கண்ணாடியா? அசல் சப்மரீனரில் அது கிடையாது. பெட்டி, அட்டையையும் போலியாக அடிக்கிறார்கள், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: பின்மூடி உலோகம்தான். லென்ஸும் சரியாகவே இருக்கிறது.

பதில் 1: சரி, அப்படியென்றால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நல்ல நகல்களில் வெளியே குறை தெரியாது. காசு கொடுக்கும் முன் ரோலெக்ஸ் பழக்கமுள்ள வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மழுப்பினால் வாங்காதீர்கள்.